கடலோரத்தில் வீடு வாங்குமுன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். மாதம் 38,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். ஒரே மகன் மெல்போர்னில் இருக்கிறான். வில்லிவாக்கத்தில், கணவர் பெயரில் 1994-ல் வாங்கிய தனி வீட்டில் வசிக்கிறேன். அது 1 கோடியே 40 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். ஒரே வங்கியில் 30 லட்சம் வைப்புத்தொகையும், மியூச்சுவல் ஃபண்டில் 18 லட்சமும் உள்ளன. தெருவில் பழகியவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். சில நாட்கள் பால்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசாமலே பொழுது முடிகிறது. சிறு வயதிலிருந்தே எனக்குக் கடல் பிடிக்கும். இந்த வீட்டை விற்றுவிட்டு, கடலுக்குப் பக்கத்தில், நாலு பேர் பழகக் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் குடியேற நினைக்கிறேன். திருவான்மியூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் 1 கோடியே 20 லட்சம், கோவளம் அருகே கேட்டட் கம்யூனிட்டியில் தனி வீடு 1 கோடியே 10 லட்சம், புதுச்சேரியில் ஃபிளாட் 75 லட்சம் என்று தரகர் சொல்கிறார். எதை வாங்கலாம்? - வாசகி, வில்லிவாக்கம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் விலைகளை விட என்னை அதிகம் நிறுத்தி வைத்தது பால்காரரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான். பேச்சுத்துணைக்காக வீடு மாற நினைப்பது தவறான காரணம் என்று உறவினர்கள் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தனிமை முற்றினால் அது உடம்பையும் பிடிக்கும், கையிருப்பையும் பிடிக்கும். ஆகவே இடம் மாறுங்கள். ஆனால் மூன்றில் எதையும் இப்போது வாங்காதீர்கள். வில்லிவாக்கம் வீட்டையும் இப்போது விற்காதீர்கள். பிடித்த இடத்தில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். கணக்கு டீச்சருக்கு அதுதான் பொருந்தும். தமிழ்நாட்டில் கைமாறி வரும் வீட்டை வாங்கினால் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1 கோடியே 20 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அதுவே 10 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. விற்கும் வீட்டுக்கும் வாங்கும் வீட்டுக்கும் தரகு ஒவ்வொரு சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 2 லட்சத்து 60 ஆயிரம். ஆக 13 லட்சத்துக்கு மேல் திரும்பி வராத பணம். போன இடத்தில் மனம் ஒட்டவில்லை என்று மறுபடி விற்றால் புதிதாகத் தரகும், அடுத்த வீட்டுக்கு இன்னொரு 9 சதவீதமும் உங்களைத் தேடி வரும்.

இப்போது வாடகைக் கணக்கைப் பாருங்கள். திருவான்மியூரில் அதே மாதிரி ஃபிளாட் 32,000 ரூபாய்க்குக் கிடைத்து, உங்கள் வில்லிவாக்கம் வீடு 18,000 ரூபாய்க்குப் போனால், மாதம் 14,000 ரூபாய் வீதம் ஓராண்டில் 1 லட்சத்து 68 ஆயிரம் கையை விட்டுப் போகும். சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு போக வர 60,000 என்று வைத்தாலும் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது; பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணம் எப்படியும் திரும்பி வரும்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு தம்பதியின் அனுபவம் இருக்கிறது. என்னிடம் பல ஆண்டுகளாக ஆலோசனை பெறுகிறவர்கள். பணி ஓய்வு பெற்ற கையோடு, கிடைத்த தொகையில் பெரும்பகுதியைப் போட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் தெரியும் ஒரு வீட்டை வாங்கினார்கள். இரண்டாம் ஆண்டில் நான் அங்கே போயிருந்தபோது, ஜன்னல் கம்பியில் அடித்த பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. வாசல் கேட்டின் பூட்டில் சாவி சுழலவில்லை, தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். ஏசியின் வெளிப்புற இயந்திரத்தை மூன்றாம் ஆண்டே மாற்ற வேண்டியிருந்தது. இவையெல்லாம் பணத்தால் சரி செய்யக்கூடியவை. அவர்களை வாட்டியது வேறு. அந்த வளாகத்து வீடுகளில் பெரும்பாலானவை வாரக் கடைசியில் மட்டும் திறக்கப்படுபவை. ஞாயிறு இரவு கார்கள் புறப்பட்டுப் போனதும் வரிசையாக விளக்குகள் அணைந்துவிடும். அடுத்த வெள்ளி வரை காவலாளியும் இவர்களும்தான். நான்காம் ஆண்டில் விற்றுவிட்டு நகரத்துக்குத் திரும்பினார்கள். பத்திரச் செலவு முழுவதும் நட்டம்.

ஆகவே, கோவளம் அருகே தரகர் காட்டும் வீட்டைப் பார்க்க நீங்கள் போவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் போய், எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோவளம் அழகான ஊர். தர்காவும் தேவாலயமும் மீனவர் குடியிருப்பும் அருகருகே இருக்கும் பழைய ஊர். அதன் கடற்கரைக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஊரும் கேட்டட் கம்யூனிட்டியும் ஒன்றோடொன்று கலப்பது குறைவு. கார் ஓட்டாத ஒருவர் அங்கே ஒரு மாத்திரைக்கும் ஒரு கட்டுக் கீரைக்கும் அடுத்தவரை எதிர்பார்த்து இருக்க வேண்டியிருக்கும். நட்புக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரே முகத்தை ஒரே நேரத்தில், அழைக்காமலே, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அப்படித்தான் நடந்தது. வில்லிவாக்கம் தெருவிலும் அப்படித்தான் நடந்தது. எனவே ஓர் இடத்தை மதிப்பிட நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: வீட்டிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால், தினமும் அதே ஆட்கள் வந்துபோகும் இடங்கள் எத்தனை இருக்கின்றன? ஜன்னலில் கடல் தெரிவதற்குத் தரகர் கூடுதல் விலை சொல்வார். கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி, கடைக்கும் கோயிலுக்கும் பேருந்துக்கும் நடுவில் இருக்கும் வீடு விலையிலும் குறைவு. கம்பி துருப்பிடிப்பதும் சற்றுக் குறைவு. உங்கள் நோக்கத்துக்கும் அதுவே ஏற்றது.

இந்த அளவுகோலில் திருவான்மியூர் முன்னால் நிற்கிறது. காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நடப்பவர்கள் பெரும்பாலும் அன்றாடம் வருகிறவர்கள். மருந்தீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்தன்று பிராகாரம் நிறையும். கலாக்ஷேத்ரா அங்கேயே இருக்கிறது. இன்னொன்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் திருவான்மியூர் வந்துவிடலாம். உங்களுடன் பணியாற்றியவர்களில் இன்னும் சென்னையில் இருப்பவர்கள் ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்ப முடியும். புதிய நட்பு வேர் பிடிக்கும் வரை பழைய நட்பு அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். 61 வயதில் இரண்டையும் ஒரே சமயத்தில் இழக்க நான் உங்களை விடமாட்டேன்.

புதுச்சேரி விலையில் கவர்ச்சியாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில் ஊரே நடக்கிறது. ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் ஒழிய, தொடக்கம் கடினமாக இருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பல குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எந்தத் தெரு என்பதைத் தரகர் சொல்ல மாட்டார், அந்தத் தெருவின் இஸ்திரி வண்டிக்காரர் சொல்வார். திருவான்மியூருக்கும் இதே சோதனை பொருந்தும். அதனால்தான் வாடகைக் காலத்தை செப்டம்பரில் தொடங்கச் சொல்கிறேன்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை முதலிலேயே பார்த்துவிடலாம், மே மாதத்தில் கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது, நிலத்தடி நீர் எவ்வளவு உப்புக் கரிக்கிறது, தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த ஓராண்டில் முடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. வீடு உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. உயில் பற்றி நீங்கள் எழுதவில்லை. உயில் இல்லை என்றும், அவருடைய தாயார் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார் என்றும் வைத்துக்கொண்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீட்டில் பாதி உங்களுடையது, பாதி மகனுடையது. அதாவது நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் 1 கோடியே 40 லட்சத்தில் சட்டப்படி உங்கள் பங்கு 70 லட்சம். இருவரும் சேர்ந்து விற்றால், மகன் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவருடைய பங்குக்கு வாங்குபவர் கூடுதல் விகிதத்தில் வரி பிடித்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பங்கைக் கொண்டு உங்கள் பெயரில் வீடு வாங்கி அவருக்கு வரிவிலக்குக் கேட்பதும் சிக்கலாகும். மகன் மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால், குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் அதிகபட்சம் 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாயும்தான். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இதைச் செய்யலாம். வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம். வாரிசுச் சான்றிதழையும் பட்டா பெயர் மாற்றத்தையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். மகனிடம் இதைப் பேசக் கூச்சப்படாதீர்கள். பேசாமல் விடுவதுதான் பின்னால் மனத்தாங்கலை உண்டாக்கும்.

வீட்டை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கான மூலதன ஆதாய வரிக்குப் பயந்து அவசரமாக வீடு வாங்க வேண்டிய தேவையும் இல்லை. விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினால் ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. அதுவரை பணத்தை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்கு முன் போட்டு வைக்க வேண்டும். 2001-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் லாபத்தைக் கணக்கிட, வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் வைப்புத்தொகை. வங்கி முடங்கினால் பணம் திரும்பக் கிடைப்பதற்கான வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். 30 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதை நான் விரும்பவில்லை. ஒவ்வொரு வைப்பும் முதிரும்போது அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். அங்கே ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். சேர்ந்த நாளில் உள்ள வட்டி விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. 8.2 சதவீதத்தில் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 58,500. வாடகையில் வரும் 14,000 வித்தியாசம் போக 44,500 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். மியூச்சுவல் ஃபண்டை இந்த ஆண்டு தொடவேண்டாம். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் எந்த மருத்துவமனைகள் உங்கள் புது வீட்டுக்கு அருகில் இருக்கின்றன என்பதைக் குடிபோகுமுன் பார்த்துவிடுங்கள்.

மாதம் 4,000 ரூபாயைப் பழகுவதற்கென்றே தனியாக ஒதுக்குங்கள். இதை நான் செலவுப் பட்டியலில் மளிகைக்கு அடுத்த வரியில் எழுதுவேன். நடை முடிந்து நாலு பேராகக் குடிக்கும் காபி, மார்கழிக் கச்சேரி டிக்கெட், ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு வைக்கும் மொய், சேர்ந்து போகும் காஞ்சிபுரம் பயணம் எல்லாம் இதில் அடங்கும். இதற்கெல்லாம் மேலாக, உங்களிடம் கணிதம் இருக்கிறது. திருவான்மியூர்க் குப்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வாரம் மூன்று மாலை பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் உங்களை எல்லாரும் டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் நீங்கள் வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புதிதாகப் பழகுபவர் எவரிடமும் உங்கள் கையிருப்பு எவ்வளவு என்று சொல்லாதீர்கள். சீட்டு, மனைத் திட்டம், கைமாற்று என்று யார் வந்தாலும், மகனிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை என்று சொல்லுங்கள். உண்மையான சிநேகிதி அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாக் கணக்குகளிலும் வாரிசு நியமனத்தை (நாமினி) சரிபாருங்கள்.

வில்லிவாக்கம் வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் விடுங்கள். எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். ஒரு அறையை உங்கள் சாமான்களுக்கென்று பூட்டி வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் திரும்பி வருவதா, திருவான்மியூரில் நிலைப்பதா என்று நீங்கள் முடிவெடுக்கும்போது, அந்த வீடு காலியாகி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.