பழைய ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் குறைந்த விலையில் வாங்குவது எப்படி?

கேனன் ஏஇ-1, பென்டாக்ஸ் கே 1000 ஆகியவற்றுக்கு ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்து மலைத்துப்போய், "குறைந்த செலவில் நல்ல ஃபிலிம் கேமராவும் ஓரிரு லென்ஸும் வாங்க இன்னும் வழி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கிறது. பழைய கேமராக்களை வாங்கிப் படமெடுப்பது என் நெடுநாள் பழக்கம். இந்தச் சந்தையில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் பெயரும் பேச்சும்தான். கண்ணாடியின் தரத்துக்கு அதில் சிறு பங்கே உண்டு. வாங்குபவர்கள் அஞ்சி ஒதுங்கும் குறைகளிலும் பல, படத்தைத் தொடுவதே இல்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவருக்கு மலிவான சரக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். கே 1000 1976-இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்தது. புகைப்பட வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டதால், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதையே தேடுகிறார்கள். ஆனால் அதன் கே மவுண்ட், அதாவது லென்ஸை உடலில் மாட்டும் வளைய அமைப்பு, பென்டாக்ஸோடு நின்றுவிடவில்லை. ரிகோ, சினான், கோசினா ஆகியவையும் அதே மவுண்ட்டில் கேமராக்கள் செய்தன. பென்டாக்ஸ் லென்ஸ் அவற்றிலும் பொருந்தும். வெளியே எந்தப் பெயர் பொறித்திருக்கிறது என்பது உள்ளே ஓடும் ஃபிலிமுக்குத் தெரியாது.

கோசினாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிக்கான் எஃப்எம் 10, ஒலிம்பஸ் ஓஎம் 2000, கேனன் டி 60 மூன்றையும் செய்துகொடுத்தது கோசினாதான். தன்னுடைய ஒரே அடிப்படை வடிவத்தை நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. 1979-இல் வந்த யாஷிகா எஃப்எக்ஸ்-3-ம் கோசினாவின் தயாரிப்பே. கான்டாக்ஸ் கேமராக்களுக்காக வந்த கார்ல் ஸைஸ் லென்ஸ்கள் அதில் அப்படியே பொருந்தும். ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க இயந்திர அமைப்பு என்பதால், ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். கான்டாக்ஸ் பெயர் பொறித்த உடல்களுக்கு ஆட்கள் போட்டி போடும்போது, அதே லென்ஸை ஏற்கும் இந்தச் சிறிய கேமரா ஓரமாகக் கிடக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் செயற்கைத் தோல் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிரும் என்பதும் விலை குறைய ஒரு காரணம். விற்பனைப் படத்தில் பார்க்கச் சொறி பிடித்ததுபோல் இருக்கும். பழைய தோலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டுவது ஒரு மாலை நேர வேலை. படத்துக்கும் அந்தத் தோலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நிக்கான் லென்ஸ் மீது ஆசை இருந்தால் நிக்கோர்மாட் எஃப்டிஎன் பாருங்கள். 1967-இல் வந்தது, கனத்த உலோக உடல், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகும் உலோக ஷட்டர். புகழெல்லாம் தொழில்முறைக்காரர்களின் நிக்கான் எஃப்புக்குப் போய்விட்டதால் இது பின்தங்கிவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால், இன்றைக்கு மிகப் பெரிய மலிவு 1980-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை வந்த, தானே ஃபோகஸ் செய்யும் எஸ்எல்ஆர்களில்தான் (உள்ளிருக்கும் ஆடி மூலம் லென்ஸ் வழிக் காட்சியையே காட்டும் கேமராக்கள்) இருக்கிறது. 1985-இன் மினோல்டா 7000, 1987-இலிருந்து வந்த கேனன் இஓஎஸ் வரிசை, 2000-இல் வந்த நிக்கான் எஃப் 80 எல்லாம் இந்த வகை. பிளாஸ்டிக் உடல், உருண்டையான வடிவம். கழுத்தில் மாட்டிக்கொண்டு அழகு பார்க்க யாரும் இவற்றை விரும்புவதில்லை. ஆனால் ஒளியை அளப்பதில் 1970-களின் கேமராக்களைவிட இவை பல படி மேல். ஃபிலிமைத் தானே சுற்றிக்கொள்ளும். இன்னொரு பெரிய லாபமும் உண்டு. உங்களிடமோ உறவினரிடமோ கேனன் டிஜிட்டல் எஸ்எல்ஆரும் இஎஃப் லென்ஸும் இருந்தால், அதே லென்ஸ் இஓஎஸ் ஃபிலிம் உடலில் முழுமையாக வேலை செய்யும்; சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் வகை மட்டும் பொருந்தாது. மினோல்டாவின் ஏ மவுண்ட்டை 2006 முதல் சோனி தொடர்ந்தது என்பதால் அங்கும் பெரும்பாலும் இதே வசதி உண்டு.

இஓஎஸ் உடல் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து ஷட்டர் தகடுகளை உற்றுப் பாருங்கள். பழைய சில மாடல்களில் ஷட்டரைத் தாங்கும் ரப்பர் துண்டு இளகி, கறுப்புப் பிசினாகத் தகடுகளில் படியும். தகட்டின் மேல் தார் பூசியதுபோல் கறை தெரிந்தால், ஷட்டர் இன்று ஓசையோடு இயங்கினாலும் நாளை ஒட்டிக்கொள்ளும். அதை வாங்காதீர்கள்.

லென்ஸ்களுக்கு வருகிறேன். கேனன் 1987-இல் எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டது. எஃப்டி லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் 42 மி.மீ., புதிய இஎஃப் மவுண்ட்டிலோ 44 மி.மீ. அதனால் இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் அவற்றைப் புதிய உடலில் தொலைவுக்கு ஃபோகஸ் செய்ய முடியாது. அருமையான லென்ஸ்கள் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. சோனி இ மவுண்ட்டில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ.; மிர்ரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத டிஜிட்டல்) கேமராக்கள் வந்ததும் எளிய வளையம் ஒன்றை மாட்டி எல்லாப் பழைய லென்ஸையும் பயன்படுத்தலாம் என்று ஆனது, விலையும் ஏறியது. ஆகவே மிர்ரர்லெஸ்காரர்கள் எதைத் தேடுகிறார்களோ, அதிலிருந்து விலகி நில்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது எஃப் 1.4, எஃப் 1.2 போன்ற அகன்ற துளையும் (எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துளை பெரிது) பின்னணி சுழல்வதுபோன்ற தோற்றமும். ஹீலியோஸ் 44-ஐப் பாருங்கள்: ஸைஸின் பயோடார் வடிவத்தைத் தழுவி சோவியத் ஆலைகளில் லட்சக்கணக்கில் செய்த 58 மி.மீ. குவியத் தூர லென்ஸ். அது அரிய பொருளே அல்ல. பின்னணி சுழல்வதாக எழுந்த பேச்சுதான் அதன் விலையை ஏற்றியது.

துளையின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதியாகும்) இறங்கினால் விலை எப்படிச் சரிகிறது என்பதற்குப் பென்டாக்ஸின் டாகுமார் லென்ஸ் நல்ல உதாரணம். 55 மி.மீ. எஃப் 1.8-க்கும் 55 மி.மீ. எஃப் 2-க்கும் கண்ணாடி அமைப்பு ஒன்றே. எஃப் 2-இல் துளையைச் சற்றுக் குறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எஃப் 5.6-இல் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு எது எந்த லென்ஸ் என்று சொல்லிவிட முடியாது. அதேபோல் 135 மி.மீ. லென்ஸ்கள். ஒரு காலத்தில் கேமரா வாங்கியவர்கள் அடுத்து வாங்கிய லென்ஸ் பெரும்பாலும் அதுதான் என்பதால் எங்கும் குவிந்து கிடக்கின்றன. எஃப் 3.5 ஆக இருந்தால் இன்னும் மலிவு. முகங்களை எடுக்க அதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை. 28 மி.மீ. எஃப் 2.8-உம் இந்த வரிசையில் சேரும்.

விவிடார் பெயர் பொறித்த லென்ஸ்களையும் தள்ளிவிடாதீர்கள். அந்த நிறுவனம் பிற ஆலைகளில் செய்வித்து விற்றது. எந்த ஆலை என்பதை வரிசை எண்ணின் முதல் இரு இலக்கங்கள் காட்டிக்கொடுக்கும். 22 என்றால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோகினா. ஜெர்மனியில் ஃபோட்டோ குவெல்லே 'ரெவ்யூ' என்ற பெயரில் விற்றவையும், அமெரிக்காவில் சியர்ஸ் தன் பெயரில் விற்ற ரிகோ கேமராக்களும் இதே கதைதான்.

இனி குறைகள். சூப்பர்-டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அது காலப்போக்கில் தேன் நிறமாக மாறும். விற்பவர் "மஞ்சளாகிவிட்டது" என்று எழுதியதுமே பலர் நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் கணிசமாக வெளுத்துவிடும். நேரடி வெயில் விழும் சன்னலோரத்திலோ புற ஊதா விளக்கின் அடியிலோ சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள் வைத்தால் போதும். வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து தீப்பிடிக்கும் என்பதால், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாமல் அடியில் அலுமினியத் தாள் விரித்து வையுங்கள். கதிரியக்கம் மிகக் குறைவு. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது.

முன் கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல், உள்ளே தூசி, உடலில் பெயின்ட் உரிந்தது, பின்கதவு ஓரத்து நுரைப் பட்டை நைந்தது ஆகியவை எல்லாம் பேரம் பேச நல்ல காரணங்கள். வாங்காமல் விடுவதற்குக் காரணங்கள் அல்ல. நுரைப் பட்டையை நீங்களே மாற்றிவிடலாம். பின் கண்ணாடிக் கீறல் மட்டும் வேறு கணக்கு. அது படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம்.

லென்ஸ் கையில் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். இரு மூடிகளையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, கைபேசி விளக்கைப் பின்புறத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்புறம் வழியாக உள்ளே நோக்குங்கள். தூசி தனித்தனிப் புள்ளிகளாக மின்னும், விட்டுவிடலாம். பூஞ்சை விளிம்பிலிருந்து நூல் நூலாகக் கிளைவிட்டு உள்ளே படரும். கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல் ஒரே சீராக வெளுத்திருந்தால், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் சோகையாக வரும். ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். பூஞ்சை தொடக்க நிலையில், வெளிக் கண்ணாடியில் இருந்தால் சுத்தம் செய்யலாம். பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. அடுத்து, எஃப் 16-இல் வைத்துப் பின்னாலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். துளையை அமைக்கும் தகடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது என்று பொருள். கையால் துளையை மூடும் ஹீலியோஸ் 44-2 போன்றவற்றில் அந்த எண்ணெய் பெரிய பாதகம் செய்யாது.

கேமராவில் முதலில் ஒரு விநாடி வேகத்தை வைத்து அழுத்திக் கேளுங்கள். மெதுவான வேகங்கள்தான் முதலில் சோர்ந்துபோகும். பிறகு பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கி வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கில் அழுத்துங்கள். படச் சட்டம் முழுவதும் ஒளி பளிச்சிட வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால் ஷட்டர் சீராக ஓடவில்லை. ஏஇ-1-இல் அழுத்தும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் உள்ளே எண்ணெய் வறண்டிருக்கிறது, சரிசெய்யக்கூடியதே. ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு பேட்டரியே கிடையாது. தானியங்கி நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் மூடி அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் மறுக்க வேண்டும். எழுந்தால் அதன் மீட்டருக்கு உயிர் இருக்கிறது.

எங்கே தேடுவது? தனி லென்ஸாக, பெயரும் எண்ணும் துல்லியமாக எழுதி விற்கப்படும் இடத்தில் மலிவு அரிது. வீடு காலி செய்பவர்கள் பையோடு மொத்தமாக விற்கும் "பழைய கேமரா செட்" போன்றவற்றைப் பாருங்கள். தலைப்பில் கேமராவின் பெயர் மட்டும் இருக்கும். பைக்குள் இரண்டு லென்ஸும் ஒரு பிளாஷும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, லென்ஸின் முன் வளையத்தில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியும் தேடிப் பாருங்கள். விலையை மதிப்பிடும்போது கேட்கும் விலையை நம்பாதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால், வேலை செய்யாத கேமராவுக்கு எவ்வளவு தருவீர்களோ அதற்கு மேல் தராதீர்கள்.

மறைந்த கணவரின் பொருட்களை விற்கும் ஒரு மூதாட்டி, விலையுயர்ந்த லைக்கா கேமராவின் மதிப்புத் தெரியாமல் சொற்ப விலை சொன்னால், உண்மையான மதிப்பை அவரிடம் சொல்லிவிடுங்கள். மலிவு தேடுவது வேறு, அறியாதவரிடமிருந்து பறிப்பது வேறு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

செலவுக் கணக்கில் இரண்டைச் சேர்க்க மறக்காதீர்கள். 1960-கள், 70-களின் பல மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. செவித்திறன் கருவியில் போடும் 675 எண் பேட்டரியைச் சிறு வளையத்தோடு வைத்தால் வேலை நடக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொன்று, சர்வீஸ் செலவு பல சமயம் கேமரா விலையையே மிஞ்சும். நம்பகமான பழுதுபார்ப்பவர் சர்வீஸ் செய்து, உத்தரவாதத்தோடு விற்கும் கேமரா சற்று விலை கூடுதலாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அதுவே மலிவு.

வாங்கியதும், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு ரோலைச் செலவழியுங்கள். ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் ஒரு படம், முழுத் துளையில் ஒரு படம், சூரியனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம், மிக அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று. எந்தப் படம் எந்த அமைப்பில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். நெகட்டிவ் வந்ததும் படங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி சீராக இருக்கிறதா, ஓரங்களில் ஒளி கசிந்த கறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படங்களைப் பிறகு ரசிக்கலாம்.