மகன் மீதான கொலை வழக்கில் தாய் சாட்சி சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2024 செப்டம்பரில் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பங்காளி ஒருவரை வெட்டிக் கொன்றதாக என் மகன் மீது வழக்கு. அவன் தொரப்பாடி ஜெயிலில் இருக்கிறான். அன்று இரவு ரத்தக்கறைச் சட்டையோடு வந்து "வெட்டிட்டேம்மா" என்றான். இதைப் போலீசிடமும் பிறகு மாஜிஸ்திரேட் முன்பும் சொன்னேன். இப்போது சத்துவாச்சாரி செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. "போலீஸ் மிரட்டி எழுதி வாங்கினதுன்னு சொல்லிடு, பெத்தவளைக் கோர்ட்டு ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போகாமல் இருக்க முடியாது, அம்மா. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 128-ஆவது பிரிவில் பாதுகாப்பு உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு பாதுகாப்பை நம் சட்டம் தரவில்லை. பெற்ற மனதுக்கு இது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

சம்மனை வாங்கிக்கொண்டு போகாவிட்டால் அடுத்து பிடிவாரண்ட். போலீஸ் வீட்டுக்கு வந்து கூட்டிப்போகும். வராததற்கு அபராதமும் உண்டு. கூண்டில் ஏறி வாய் திறக்க மறுத்தாலும், தக்க காரணம் இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 388-ஆவது பிரிவின்படி ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம். உடம்பு முடியவில்லை என்றால் டாக்டர் சான்றிதழை அரசு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே கோர்ட்டில் கொடுங்கள், வேறு தேதி கிடைக்கும்.

உங்களுக்கு நிஜமான ஆபத்து உறவினர்கள் சொல்லும் வழியில்தான் இருக்கிறது. போலீசிடம் சொன்னது அதே நடைமுறைச் சட்டத்தின் 180-ஆவது பிரிவு வாக்குமூலம். அதில் கையெழுத்தும் இல்லை, சத்தியமும் இல்லை. கோர்ட்டில் அதற்கு மாறாகச் சொன்னால் முரண்பாட்டைச் சுட்டிக் கேட்பார்கள், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் முன்பு சொன்னது வேறு. அது 183-ஆவது பிரிவில், சத்தியம் செய்துவைத்துப் பதிவு செய்வது. அதைப் புரட்டினால் அரசு வழக்கறிஞர் உங்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, அவரே குறுக்கு விசாரணை செய்வார். பொய்ச் சாட்சி என்று நீதிபதி கருதினால் 383-ஆவது பிரிவின் சுருக்க விசாரணையில் மூன்று மாதம் வரை சிறை. தனி வழக்காகப் போனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 229-இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை. பெற்றவள் என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உதவலாம், வழக்கே வராமல் தடுக்காது.

இத்தனைக்குப் பிறகும் மகன் தப்புவானா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. பிறழ் சாட்சியின் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே பகவான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டை, அரிவாள், ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

அதனால் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள். அவன் சொன்ன வார்த்தை எதுவோ அதே வார்த்தை. "வெட்டிட்டேம்மா" என்பதை "அவனைக் கொன்னுட்டேன்னான்" என்று நீங்களாக விளக்கினால் வழக்கின் எடையே மாறிவிடும். சட்டையில் கறை பார்த்தீர்கள் என்றால் கறை என்று சொல்லுங்கள். யாருடைய ரத்தம் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. வெட்டியதைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று தயங்காமல் சொல்லலாம். மறந்துபோயிருந்தால் "ஞாபகம் இல்லை" என்பதும் நேர்மையான பதில்தான், உண்மையிலேயே மறந்திருந்தால்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முழு உண்மை சில நேரம் மகனுக்கே உதவும். செத்தவர்தான் முதலில் கை ஓங்கினாரா, இவன் உடம்பிலும் காயம் இருந்ததா, வரப்பில் திடீரென்று மூண்ட சண்டையா? இவை உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால், மகனின் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும்போது சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை, கொடூரமாக நடந்துகொள்ளவும் இல்லை என்று நிலைநாட்டப்பட்டால், தண்டனைச் சட்டத்தின் 103-ஆவது பிரிவின் கொலைக் குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105-ஆவது பிரிவுக்கு இறங்க வாய்ப்புண்டு. முன்னதற்கு ஆயுள் அல்லது மரண தண்டனை. பின்னதில் மரண தண்டனை இல்லை, பத்து ஆண்டுக்குள் முடியவும் கூடும். ஆனால் இதை இப்போது புதிதாக ஜோடிக்காதீர்கள். "இவ்வளவு முக்கியமானதை மாஜிஸ்திரேட்டிடம் ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் அரசுத் தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அன்று யாரும் கேட்கவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்.

ஜெயிலில் மனு போட்டு மகனைப் பார்க்கப் போவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அங்கே சாட்சியைப் பற்றிப் பேசாதீர்கள். மிரட்டிப் பொய் சொல்ல வைப்பது, சொல்பவர் அண்ணனானாலும் மாமனானாலும், தண்டனைச் சட்டத்தின் 232-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். மிரட்டல் முற்றினால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை விசாரிக்கும்.

சாட்சி நாளன்று சம்மன், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய், கூண்டில் ஏறுமுன் உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்படி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதில் நீங்கள் சொல்லாதது இருந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள். பஸ் செலவுக்குச் சாட்சி பேட்டாவையும் கேட்டு வாங்குங்கள். தனியாக ஒரு வக்கீலிடம் யோசனை கேட்க விரும்பினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சாட்சித் தேதிக்குச் சில நாள் முன்பே இதை முடித்துவிடுங்கள்.