ப்ரைமர் மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாப்பிள்ளை டெக்சாஸ்ல இருக்காரு, டார்கெட் ஷூட்டிங்னா அவருக்கு உசுரு. சுட்டு முடிச்ச தோட்டாவோட காலிக் கூட்டை (கேஸ்) எடுத்து வீட்லயே மறுபடி லோட் பண்ணிக்கிறாரு, ரீலோடிங்னு சொல்றாங்க. போன்ல பேசுறப்ப, "பவுடர் எப்படியோ தேத்திடுறேன் மாமா, பஞ்சம்னு வந்துட்டா முதல்ல காணாம போறது ப்ரைமர்தான்"னு புலம்புறாரு. விரல் நுனியில ஒட்டிக்கிற சாமானுக்கு ஏன் இம்புட்டு பாடு சார்?
_வாசகர், மன்னார்குடி_

பதில்: மாப்பிள்ளை சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. ஒரு தோட்டாவுல நாலு சாமான்: கூடு மாதிரி இருக்கிற கேஸ், உள்ள போடுற வெடிமருந்துப் பவுடர், பாஞ்சு போற புல்லட், பவுடரைப் பத்த வெக்கிற ப்ரைமர். பித்தளை கேஸை திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். புல்லட்டை ஈயத்தை உருக்கி வீட்லயே வார்த்துக்கிறவங்க அங்க நிறைய பேரு. பவுடர் ஒரு பவுண்டு வாங்கினா 7000 கிரெய்ன் (அங்க பவுடர் நிறுக்கிற சின்ன எடை), பிஸ்டல் தோட்டா ஒண்ணுக்கு 5 கிரெய்ன் போட்டா 1400 தோட்டா வரும், ஒரு டப்பா வாங்கி வெச்சா ரொம்ப நாளைக்கு ஓடும். ப்ரைமர் அப்படி இல்ல. ஒரு வெடிக்கு ஒண்ணு, சுட்டா அது செத்துப்போச்சு, திரும்ப ஆகாது, வீட்ல செய்யுற சமாச்சாரமும் கிடையாது.

கையில எடுத்துப் பார்த்தீங்கன்னா சின்ன உலோகக் கிண்ணம், சின்ன சைஸ் சுமார் 4.4 மில்லிமீட்டர், பெரிய சைஸ் 5.3 மில்லிமீட்டர் அகலம். உள்ளே துளியூண்டு மருந்து, பெரும்பாலும் லெட் ஸ்டிப்னேட் கலவை, அதுக்கு மேல கால் வெச்ச மாதிரி ஒரு தகடு, அதுக்கு ஆன்வில்னு பேரு. துப்பாக்கியில இருக்கிற ஊசி (ஃபயரிங் பின்) வந்து கிண்ணத்தை அடிக்கிறப்ப மருந்து ஆன்வில்ல நசுங்கி பத்திக்கும், அந்த நெருப்பு பவுடருக்குப் போகும். இந்த மருந்து காஞ்ச நிலையில உரசினாலே வெடிக்கிற சாமான், அதனால ஃபேக்டரியிலயே ஈரமா வெச்சுத்தான் கையாளுறாங்க, பழகின ஆளு வேணும், தனிக் கட்டடம் வேணும். டிமாண்ட் ஏறுதேன்னு இன்னைக்கு நெனச்சு நாளைக்கு புது லைன் போட்டுட முடியாது.

அதனால செய்யுற கம்பெனியும் கொஞ்சம்தான். அமெரிக்காவுல பெரிய பேரு நாலு: சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இதுல ரெமிங்டன் 2020-ல திவாலாகி, அதோட தோட்டா பிசினஸை சிசிஐ, ஃபெடரல் ரெண்டையும் வெச்சிருந்த விஸ்டா அவுட்டோர் வாங்கிச்சு, அப்புறம் 2024 கடைசியில மூணையும் சேர்த்து செக் நாட்டு சிஎஸ்ஜி குரூப் வாங்கிடுச்சு. ஆக நாலுல மூணு பேரு ஒரே முதலாளிகிட்ட. வெளிநாட்டு சரக்குன்னா இத்தாலி ஃபியோக்கி, செக் நாட்டு செல்லியர் பெல்லட் மாதிரி சிலது வருது. ரஷ்ய சரக்கும் வந்துட்டு இருந்துச்சு, 2021-ல அமெரிக்க அரசாங்கம் புது இறக்குமதி பெர்மிட் குடுக்கிறதை நிறுத்தினதும் அந்த வழியும் அடைபட்டுச்சு.

இருக்கிற ப்ரைமரும் முதல்ல யாருக்குப் போகுதுங்கறதுதான் விஷயமே. கம்பெனி தன்னோட ரெடிமேட் தோட்டாவுக்கு எடுத்துக்கும், மிலிட்டரி ஆர்டர், போலீஸ் ஆர்டர் முடிக்கும், மிச்சம் இருந்தாத்தான் டப்பாவுல போட்டு ரீலோடருக்கு வரும். நம்ம ஊர்ல சொன்னா டக்குனு புரியும், உங்க மாப்பிள்ளை கடைமடைக்காரரு. மேட்டூர்ல திறந்தாலும் தலைமடை பாஞ்சு முடிச்ச பிறகுதான் அவரு வாய்க்காலுக்குத் தண்ணி.

கேள்வி: 2020-ல அமெரிக்காவுல வந்த ப்ரைமர் தட்டுப்பாட்டுக்கு கொரோனாவுல ஃபேக்டரி மூடினதுதான் காரணமா? இப்ப விலை இறங்கிடுச்சா, வாங்கி அடுக்கி வெக்கச் சொல்லலாமா, அங்க ரீலோடிங் பண்ற என் தம்பிகிட்ட?
_வாசகி, கும்பகோணம்_

பதில்: ஃபேக்டரி மூடினதால இல்லம்மா. ரெமிங்டன் அந்த நேரம் பார்த்து விழுந்தது ஒண்ணைத் தவிர மத்த கம்பெனிங்க முழு மூச்சா ஓட்டிட்டுதான் இருந்தாங்க. வாங்குறவங்க கூட்டம்தான் எகிறிடுச்சு. துப்பாக்கி வாங்க அங்க எஃப்பிஐ சிஸ்டம்ல பின்னணி செக் நடக்கும், 2019-ல அது சுமார் 2.84 கோடி, 2020-ல சுமார் 3.97 கோடி. ஒரு செக்னா ஒரு துப்பாக்கின்னு அர்த்தம் இல்ல, ஆனா ஜனங்க எவ்வளவு பயந்துபோய் கடைக்கு ஓடினாங்கன்னு தெரியுது இல்லையா. கொரோனா, ஊர்க் கலவரம், தேர்தல், எல்லாம் ஒரே வருஷத்துல. இதுக்கு முன்னாடி 2008-ல ஒபாமா ஜெயிச்சப்பவும், 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல குழந்தைங்களை சுட்டுக்கொன்ன கொடுமைக்கு அப்புறமும், சட்டம் கடுமையாகிடும்னு பயந்து இதே மாதிரி அள்ளிட்டுப் போனாங்க.

ஆயிரம் ப்ரைமர் கொண்ட ஒரு பிரிக் முன்னாடி 30, 35 டாலருக்குக் கிடைச்சது. பஞ்சத்துல வாங்கினவங்க மறுபடி விக்கிற விலை 100 தாண்டி 200-ம் போச்சு. அப்புறம் இறங்கினாலும் பழைய விலைக்கு வரவே இல்ல, 70, 80 டாலர்னுதான் நின்னுச்சு. எனக்கு மனசு வேகுறது எதுக்குன்னா, தனக்குத் தேவையே இல்லாம அலமாரியைக் காலி பண்ணி மூணு மடங்கு விலைக்கு வித்தாங்க பாருங்க, அவங்களாலதான் புதுசா கத்துக்க வந்த பிள்ளைங்க கையில சாமான் இல்லாம உக்காந்துச்சு. அந்த வேலைக்கு தம்பி துணை போக வேண்டாம், அந்த விலைக்கு வாங்கவும் வேண்டாம். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு சுடுறாருன்னு கணக்குப் போட்டு, கடையில சரக்கு சாதாரணமா இருக்கிற மாசத்துல அதை வாங்கிட்டாப் போதும். ஆன்லைன்ல எடுத்தா அபாயப் பொருள் கட்டணம்னு பார்சலுக்குத் தனியா புடுங்குவாங்க, ரெண்டு மூணு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டரா போட்டா அது மிச்சம்.

வீட்ல 10,000-க்கு மேல வெக்கக்கூடாதுன்னு அங்க தீயணைப்பு விதித்தொகுப்பு சொல்லுது. அதைவிட முக்கியம், கம்பெனி ட்ரேயை விட்டு எடுத்து பாட்டில்லயோ டப்பாவுலயோ மொத்தமா கொட்டி வெக்கவே கூடாது. ட்ரேயில ஒவ்வொண்ணும் தனித்தனியா உக்காந்திருக்கிறதே, ஒண்ணு வெடிச்சா அடுத்தது பத்திக்கக் கூடாதுன்னுதான். பாட்டில்ல இருந்தா அத்தனையும் சேர்ந்து போகும், கை போயிடும்மா. தம்பிகிட்ட இதை அழுத்திச் சொல்லுங்க.

கேள்வி: ஒரு சைஸ் கிடைக்கலைன்னா வேற ப்ரைமர் போட்டு சமாளிக்க முடியாதா?
_வாசகர், பாபநாசம்_

பதில்: சின்னது பெரியது மாத்தி உக்காராது. அளவு ஒண்ணா இருந்தாலும் ரைஃபிள், பிஸ்டல், மேக்னம் (நெருப்பு பலமா வர்ற ரகம்)னு கிண்ணத்தோட கனமும் நெருப்போட வேகமும் மாறும், பிரஷர் ஏறிடும். பிராண்டு மாத்தினாலே மேனுவலைப் பார்த்து பவுடரைக் குறைச்ச அளவுல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும், அவசரத்துக்கு சோதனை பண்ற இடமில்ல இது. .45 ஏசிபி-ங்கற பிஸ்டல் தோட்டாவுல மட்டும் ஒரு வசதி, பெரிய ப்ரைமர் கேஸும் சின்ன ப்ரைமர் கேஸும் ரெண்டுமே மார்க்கெட்ல கிடக்கும், பிரிச்சு வெச்சுக்கிட்டா எது கிடைக்குதோ அதை லோட் பண்ணலாம்.

கேள்வி: நம்ம திருச்சியிலதான் துப்பாக்கி ஃபேக்டரி இருக்கே, அங்க ப்ரைமர் செய்யுறதில்லையா?
_மாணவர், திருவையாறு_

பதில்: அங்க செய்யுறது துப்பாக்கி தம்பி, தோட்டா இல்ல. பக்கத்துல இருக்கிற ஹெச்ஏபிபி-ங்கற இன்னொரு ஃபேக்டரியில பீரங்கிக் குண்டுக்கான கனரக உலோகத் தண்டு செய்யுறாங்க. 12 போர் (ஷாட்கன்) தோட்டா புனே கட்கி ஃபேக்டரியில இருந்து வருது, 2021-ல இருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழ.

கேள்வி: மாமாவுக்கு 12 போர் லைசென்ஸ் இருக்கு. அமெரிக்காவுல இருந்து வர்றப்ப அண்ணன் ஷாட்கன் தோட்டாவுக்கான 209 ரக ப்ரைமர் நூறு மட்டும் கொண்டு வந்தா மாமா இங்கயே லோட் பண்ணிப்பாரு, தப்பா?
_வாசகர், திருவாரூர்_

பதில்: தப்புதான், பெரிய தப்பு, அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டாவோட பாகமும் தோட்டா கணக்குதான். மாமாகிட்ட இருக்கிறது துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ், தோட்டா தயாரிக்க 5-வது பிரிவுல தனி லைசென்ஸ் வேணும், அது வீட்ல உக்காந்து பண்றவங்களுக்கு இல்ல. ஃப்ளைட்லயும் ப்ரைமர் கைப்பையிலயும் கூடாது, செக்-இன் பெட்டியிலயும் கூடாது. மாமா லைசென்ஸ்ல வருஷத்துக்கு எத்தனை தோட்டான்னு எழுதியிருக்கும், அதுக்குள்ள லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட ரெடிமேட்டா வாங்கிக்கட்டும். அப்புறம் அண்ணன் அங்க சுடுற ரேஞ்சுக்குக் கொண்டுபோற பையிலயே துணி அடுக்கிட்டு வந்துட வேண்டாம், கோட்டுப் பாக்கெட், பை ஓரம் எல்லாம் தடவிப் பார்த்துட்டு கிளம்பச் சொல்லுங்க. மறந்துபோன ஒரே ஒரு தோட்டா ஸ்கேன்ல தெரிஞ்சாலும் ஏர்போர்ட்லயே நிறுத்தி போலீஸ்ல ஒப்படைச்சிடுவாங்க, அப்புறம் லீவு முழுக்க ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும்.