குழந்தையின் கண்ணில் வரும் புற்றுநோய்க்குக் கண்ணையே அகற்றச் சொல்வது ஏன்?

ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரையில், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தோன்றும் புற்றுநோய் ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படுகிறது. கலங்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஆர்.பி.1 என்ற மரபணு ஒவ்வொரு கலத்திலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. குளக்கட்டுச் சரிவில் இறங்கும் சைக்கிளின் முன், பின் பிரேக்குகளைப் போல, ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும், இரண்டும் போனால்தான் கட்டுமீறும். இரண்டு பழுதுகள் நேர வேண்டும் என்ற இந்த விளக்கத்தை 1971இல் அமெரிக்க மரபியலாளர் ஆல்பிரட் நட்சன் முன்வைத்தார். நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு ஒரு பிரதி தொடக்கத்திலேயே பழுதாகியிருப்பதால், இரு கண்களிலும் நோய் வரக்கூடும். இந்தப் பழுது பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், உடன்பிறந்தோரையும் சோதிப்பது அவசியம்.

பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அல்லது புதிதாக மாறுகண் தோன்றினால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் பெற்றோர் அடுத்த தடுப்பூசி கிளினிக்வரை காத்திருக்காமல் உடனே மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கொழும்புக்கு அனுப்பினால் அந்த நெடும்பயணமும் செலவும் பாரம்தான், ஆயினும் தள்ளிப்போடாதீர்கள். கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்வரை பெரும்பாலும் உயிரைக் காக்கலாம். பார்வை நரம்பு வழியே மூளையை எட்டிவிட்டால் மிகக் கடினம்.

சிறிய கட்டிகளுக்கு லேசர், உறையவைத்தல், கீமோ ஆகியவை உண்டு. கட்டி நிறைந்து, பார்வை மீளாத கண்ணையே அகற்றுகிறார்கள். பின்னர் செயற்கைக் கண் பொருத்தலாம்.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கண்ணில் ஊசி குத்தி மாதிரி எடுப்பது பரவ வழிவிடலாம் என்பதால் வைத்தியர்கள் அதைத் தவிர்க்கிறார்களே தவிர, கண்ணைத் துளைக்காமல் பார்வை நரம்பின் ஒரு பகுதியோடு முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சை நோயைப் பரப்புவதற்கல்ல, பரவாமல் தடுப்பதற்கே செய்யப்படுகிறது.