கடைசிப் பாட்டு கரகரத்தால் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?
ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கரகரப்பதால் உங்களிடமுள்ள பாதி இசைத்தட்டுகளுக்கு 10க்கு 5தான் போட முடிகிறது என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், அது பெரும்பாலும் தட்டின் குற்றமே இல்லை. 12 அங்குல எல்.பி. (பெரிய இசைத்தட்டு) நிமிடத்துக்கு 33⅓ சுற்று என ஒரே சீராகத்தான் சுற்றுகிறது, ஆனால் ஊசிக்கடியில் தடம் ஓடும் வேகம் விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ., நடுவை நெருங்கும்போது 20 சொச்சம்தான். அதே இசையைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பதால் ‘ஸ’, ‘ச’ எல்லாம் சிதறும். ஊசியைத் துடைத்து, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்த்து, அப்புறம் மறுபடி கேளுங்கள். இசைக்கு ஒரு மதிப்பெண், தட்டின் நிலைக்குத் தனியாக இன்னொன்று போடுங்கள். நான் ரெண்டையும் கலந்து, ரொம்பப் பிடித்த தட்டு ஒன்றுக்கு 4 போட்டு விற்றே விட்டேன். புது ஊசி வாங்கியது அதற்கு அடுத்த வாரம்.