கியர்பாக்ஸ் போன ஆட்டோமேட்டிக் காருக்கு ரீமேனுஃபாக்சர்டு (பழையதைப் பிரித்துப் புதுப்பித்த) கியர்பாக்ஸ் போடலாமா, காரையே விற்றுவிடலாமா?

போடலாம். நான் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பழைய கியர்பாக்ஸ் எதனால் போனது என்று தெரியாமல் எதையும் வாங்கி மாட்டாதீர்கள்.

"வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு மேனுவல் வண்டி வாங்கு" என்று உங்களைச் சுற்றி நாலு பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். எனக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. வீடு மன்னார்குடியில், வேலை கோட்டூர் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். ஆட்டோமேட்டிக் என்றாலே பணத்திமிர், ஓட்டத் தெரியாதவர்கள் வாங்குவது என்று பேசுகிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நிதானியுங்கள். யார் கையையும் எதிர்பார்க்காமல் காலை மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருக்க எனக்கு வேறு வழி கிடையாது.

என்னுடையது பழைய செடான். நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வகை. வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குக் கிட்டே இருந்த ஒரு குடும்பத்திடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் குறையில்லை. முதலில், முன்னால் போவதற்கான டி-யில் போட்டால் உடனே பிடிக்காமல் ஒரு விநாடி கழித்து 'டக்' என்று உதறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு மூன்றாவது கியரில் எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை. பெரிய ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். பிரித்து, ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் பிளேட் செட், சீல் எல்லாம் மாற்றி நாற்பத்தைந்தாயிரம் வாங்கினார்கள். சில மாதம் நன்றாக ஓடியது.

மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். கோட்டூருக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. டி போட்டாலும் அசையவில்லை, ரிவர்ஸுக்கான ஆர் போட்டாலும் அசையவில்லை. களத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். நல்ல மனிதர்கள். "வடம் போட்டு டிராக்டர்ல இழுத்துடலாம் டீச்சர், அரை மணி நேரத்துல மன்னார்குடி" என்றார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன். "செத்த கியர்பாக்ஸ்தானே, இனிமே என்ன ஆகப்போவுது?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றும். எஞ்சின் அணைந்திருக்கும்போது இழுவை தரும் சக்கரம் ரோட்டில் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் தேயும். எதனால் போனது என்று பார்க்க உள்ளே இருப்பது அப்படியே இருக்க வேண்டும், அதோடு பழைய பெட்டிக்கும் விலை உண்டு. தஞ்சாவூரிலிருந்து வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் இழுக்க விடாதீர்கள்.

இந்த முறை எங்கள் ஊரில் மெக்கானிக் பாயிடம் விட்டேன். சின்னப் பட்டறை. அவர் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. "இது கியர்பாக்ஸ் கோளாறு இல்ல டீச்சர். ரேடியேட்டர் கோளாறு" என்றார்.

இதை யாரும் எனக்கு அதுவரை சொல்லவில்லை. பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஆற ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு கூலர் வழியாகப் போய்த் திரும்புகிறது. ஆயில் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய தகடு. முன்பு வைத்திருந்தவர்கள் கூலன்ட் ஊற்றாமல் வீட்டுப் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கடலோரத்து உப்புத் தண்ணீர். தகடு அரித்து, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பூச்சு பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் பசை விட்டு உரிந்துவிடும். முதல் ஒர்க்‌ஷாப்காரர்கள் பிளேட்டை மாற்றிவிட்டு ரேடியேட்டரைத் தொடவே இல்லை. போய்க் கேட்டதற்கு, "மழைத் தண்ணியில வண்டிய விட்டிருப்பீங்கம்மா" என்றார்கள். நான் விடவில்லை. அந்த நாற்பத்தைந்தாயிரம் இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

மறுபடி ஓவர்ஹால் செய்ய முடியாது, உள்ளே பல பாகங்கள் துருப்பிடித்துவிட்டன என்றார் பாய். கம்பெனியில் புதுப் பெட்டியின் விலை வண்டி விலையைத் தொட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிப்போட்டது மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். ஆனால் எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஒன்றும் தெரியாது. கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் ஒருவரைப் பாய் பிடித்தார். (பெயர் கேட்காதீர்கள். விளம்பரம் என்று சொல்ல நாலு பேர் காத்திருப்பார்கள்.)

"பழைய இரும்புக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள்" என்பவர்களுக்கு ஒன்று. ரீமேனுஃபாக்சர் செய்வது என்றால் பெட்டியை முழுதாகப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேய்ந்ததைத் தள்ளிவிட்டு, பிளேட், சீல், புஷ் போன்றவற்றை நன்றாக இருந்தாலும் மாற்றி, கியர் மாற ஆயிலைப் பிரித்துவிடும் வால்வ் பாடியைச் சோதித்து, கடைசியில் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்துத் தருவது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும், நம் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அல்லிசன் கம்பெனியே 'ரீட்ரான்' என்ற பெயரில் இப்படிச் செய்து விற்கிறது. பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் எதையெதை மாற்றினார்கள் என்ற பட்டியலையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கினேன். தர மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

பாய் மாட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். புது ரேடியேட்டர். ஆயில் குழாய்களைக் கழுவி ஊதி, பழையது ஒரு சொட்டு இல்லாமல் செய்தார். டார்க் கன்வர்ட்டரும் மாற்றியது, ஏனென்றால் கெட்ட ஆயில் அதற்குள் நிறையத் தங்கியிருக்கும். கன்வர்ட்டர் பம்பில் கடைசிவரை உட்கார்ந்துவிட்டதா என்று ஸ்கேல் வைத்து அளந்தார். உட்காராமலே போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடுமாம், பெரிய இடங்களில்கூட இது நடக்கிறதாம். ஆயில், வண்டியின் மேனுவல் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே வகை. எஞ்சின் ஓட, ஆயில் சூடான பிறகுதான் அளவு பார்த்தார். பிறகு ஸ்கேனர் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் பழைய கியர்பாக்ஸுக்கு இருந்த பதிவை அழித்துவிட்டு, கியர் மாறுவதை வண்டியே மறுபடி கற்றுக்கொள்ளும்படி ஓட்டிக் காட்டினார். தெருமுனைப் பட்டறை என்று யாரையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம். விற்றிருந்தால் வண்டிக்கு இரண்டரை லட்சம் வந்திருக்காது, அதற்குப் போய் இவ்வளவா என்று என் மச்சான்கூடக் கேட்டார். ரீசேல் விலை விற்கப்போகிறவருக்கு. எஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கிற வண்டியை நான் ஏன் விற்க வேண்டும்?

பஸ்ஸில் போகலாமே என்று எழுத வருகிறவர்கள், ஒருநாள் ஒற்றைக் காலை ஊன்றி எங்கள் டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏறிப் பாருங்கள். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். ஒரு கையெழுத்துக்காகப் போன அரசு அலுவலகம் மாடியில், லிஃப்ட் கிடையாது. இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எல்லாரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். விதிகள் 2017இலேயே வந்துவிட்டன. நான் இன்னும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வண்டிக்கும் வாரன்டி முடிந்து, சர்வீஸ் சென்டரில் புதுப் பெட்டிதான் போட வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் ஒரு காரணம், பால் கலந்த மாதிரி இருந்தால் வேறு காரணம். சிவிடி (பல் சக்கர கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும்) வகை என்றால் உள்ளே இருப்பதும் ஆயிலும் வேறு, அதைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வாங்கப்போகும் ரீமேனுஃபாக்சர்டு பெட்டியின் வாரன்டியில் கழற்றி மாட்டும் கூலியும் சேருமா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய பெட்டியை அவர்களுக்கு அனுப்பும்வரை அதற்காக டெபாசிட் பிடித்திருப்பார்கள், அந்த ரசீது பத்திரம். பழைய பெட்டியை அனுப்பும்போது ஆயிலை முழுதாக வடித்துவிட்டு, குழாய் வாய்களைத் துணி அடைத்துக் கட்டி அனுப்புங்கள். ஆயில் ஒழுகினால் பார்சல் ஆபீஸில் ஏற்ற மாட்டார்கள்.