பெரிய படகை ட்ரெய்லரில் ஏற்றும்போது உயரத்தைக் குறைப்பது எப்படி? – கேள்வி பதில்

திருகோணமலையிலிருந்து பெரிய படகுகளைத் தரைவழியாகக் கொண்டுபோவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். படகு கட்டுவதும், கரையேற்றி அனுப்புவதும் என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொட்பேயிலிருந்து ஒருவர்: என்னுடைய 34 அடி பைபர் படகை மேற்குக் கரையில், சிலாபத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டேன். ஏராவிலிருந்து (படகின் அடியில் நீளமாக ஓடும் தண்டு) கேபின் கூரை வரை பதினொன்றரை அடி. ட்ரெய்லரில் வைத்தால் 16 அடி வருகிறது. கேபினை வெட்டத்தான் வேண்டுமா அண்ணன்?

வாளை எடுக்காதீர்கள் தம்பி. முதலில் கீழே பாருங்கள். உங்கள் 16 அடியில் நான்கரை அடி படகே இல்லை, ட்ரெய்லரின் தட்டும் அதன்மேல் வைத்த கட்டையும்தான். தட்டு இரண்டரை அடி உயரத்தில் இருக்கும் லோபெட் (தாழ்ந்த தட்டுள்ள ட்ரெய்லர்) கிடைத்தால், அரை அடிக் கட்டையோடு பதினான்கரைக்கு வந்துவிடும். நடுவில் தட்டே இல்லாமல் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் உள்ள ட்ரெய்லர் என்றால் இன்னும் நல்லது. ஏரா சட்டங்களுக்கு நடுவே இறங்கி, கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து ஒன்றேகால் அடியில் நிற்கும். மொத்தம் பன்னிரண்டே முக்கால் அடி. படகில் ஒரு கீறல்கூட விழாமல் மூன்றே கால் அடி குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேலே வாருங்கள். அன்டெனா, தேடுவிளக்கு, விளக்குக் கம்பம், புகைக்குழாய், நிழல் கூரையின் கம்பிகள் எல்லாம் ஸ்பேனரால் கழற்றக்கூடியவை. கேபினுக்கு மேலே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கழற்றுங்கள். கேபினைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: படகின் பாரம் முழுவதும் ஏராவில்தான் இருக்க வேண்டும். பக்க முட்டுகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். உயரம் குறைகிறதே என்று ஏராவுக்கு அடியிலிருக்கும் கட்டையை எடுத்துவிட்டுப் படகைப் பக்கச் சட்டத்தில் உட்கார வைத்தால், வழியிலேயே பைபர் உள்வாங்கி வெடிக்கும்.

மூதூரிலிருந்து: எல்லாம் செய்தும் உயரம் கூடவாக இருக்கிறது. கேபினை எடுத்தே ஆக வேண்டும். எப்படி எடுப்பது?

போல்டில் நிற்கும் கேபின் என்றால் அதிர்ஷ்டம். நட்டுகளைக் கழற்றி, சீலன்டை மெல்லிய கத்தியால் அறுத்துவிட்டு, பொறுமையாகக் கிளப்புங்கள். தளத்தோடு சேர்த்து வார்த்த கேபின் என்றால் வெட்டுத்தான்.

தளத்தோடு ஒட்டி வெட்டாதீர்கள். மூன்று நான்கு அங்குலம் விட்டு மேலே வெட்டினால், மிஞ்சும் விளிம்பு மழைத்தண்ணீரை உள்ளே விடாது, திரும்பப் பொருத்தவும் பிடிமானம் இருக்கும். நூல் பிடித்துக் கோடு போட்டு, கோட்டுக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் அடையாளம் வையுங்கள். வெட்டுவதற்கு முன் கேபினுக்குள் மூலைக்கு மூலை மரச்சட்டம் அடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது அது கோணிவிடும், பிறகு என்ன செய்தாலும் சேராது. வயர்களை அறுக்காமல் இணைப்பிலேயே கழற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டுங்கள். ஹைட்ரோலிக் சுக்கான் என்றால் குழாய் வாயை உடனே அடைத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது காற்றை வெளியேற்றாமல் சுக்கான் சரியாகத் திரும்பாது. கிரேனால் தூக்கும்போது நான்கு மூலையிலும் பிடி வேண்டும். பைபர் தூசு நெஞ்சுக்குள் போனால் மிகவும் கேடு, துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்காமல் நல்ல முகமூடி போடுங்கள்.

திரும்ப ஒட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெட்டிய விளிம்புகளை நேராக முட்டவைத்து மேலே ஒரு பைபர் பாய் ஒட்டினால் முதல் பெரிய அலையிலேயே வெடிப்புத் தெரியும். பைபரின் கனத்தைப் போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர். அந்தச் சரிவில்தான் புதுப் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும். மறுபடியும் தரைவழியாகப் போகும் எண்ணம் இருந்தால், ஒட்டாமல் இரண்டு பக்கமும் விளிம்பு வைத்துப் போல்டில் பூட்டச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்த முறை அதுதான்.

கிண்ணியாவிலிருந்து: உயரத்தைச் சரியாக அளப்பது எப்படி? நாடா வளைகிறது.

மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய் போதும். ஒரு முனையைக் கூரையின் உச்சியில் பிடித்து, மறு முனையை வெளியே நிற்கும் கம்பில் பிடித்தால் அதே மட்டம் கம்பில் விழும். கம்பை நிலத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். படகை ஏற்றிக் கட்டிய பிறகு, சமமான நிலத்தில் அளக்க வேண்டும். கிடைத்த கணக்கோடு ஒரு அடியாவது கூட்டிக்கொண்டுதான் பாதையை யோசிக்க வேண்டும். கூடவே அகலத்தையும் அளந்து, பொலிஸிலும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சம்பூரிலிருந்து: டீசலையும் தண்ணீரையும் இறக்கினால் உயரம் குறையுமா?

குறையாது, கொஞ்சம் உயரும். பாரம் குறைந்தால் ட்ரெய்லரின் ஸ்பிரிங் நிமிரும். ஆனாலும் இறக்கத்தான் வேண்டும்: ஆயிரம் லீட்டர் டீசல் கிட்டத்தட்ட 840 கிலோ, தண்ணீர் 1000 கிலோ. பாதித் தாங்கியில் அது அலைந்தால் வளைவில் ட்ரெய்லரையே இழுக்கும். இறக்கிய பிறகு உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால்?

வேண்டாம். பாரத்தோடு ஓடும் டயர் சூடேறி வெடிக்கும்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் ஒழுங்கையில் கரண்ட் வயர் பதிவாகத் தொங்குகிறது. படகின் மேல் ஒரு பையனை ஏற்றி, தடியால் வயரைத் தூக்கிவிட்டால் போகலாம் என்று லொறிக்காரர் சொல்கிறார்.

தயவுசெய்து விடாதீர்கள். உப்புக்காற்றில் நனைந்த தடியில் மின்சாரம் ஓடும். உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடவே தேவையில்லை, நெருங்கினாலே பாயும். மத்தியான வெயிலில் கம்பி நீண்டு இன்னும் தொங்கும் என்பதால் காலையில் பார்த்த அளவை நம்ப முடியாது. உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, அவர்களே வந்து தூக்கட்டும். ஒருநாள் பிந்தினால் பிந்தட்டும், பையன் வீட்டுக்கு வர வேண்டும்.

உப்புவெளியிலிருந்து: பாய்மரப் படகு. மரத்தைச் சாய்த்து வைத்தால் போதுமா?

அடியில் கீல் இருந்தால் சாய்க்கலாம், ஆனால் தூரப் பயணத்துக்கு முழுதாக இறக்கித் தளத்தோடு கட்டுவதே நல்லது. அலுமினிய மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதை நிமிர்த்துவதற்கு முன் தலைக்கு மேலே கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

குச்சவெளியிலிருந்து: கேபினை எடுத்தாயிற்று. இப்போது அணியம்தான் (படகின் முன்முனை) உயரமாக நிற்கிறது.

அணியத்தின் கீழுள்ள கட்டையைக் குறைத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். முன்னும் பின்னும் ஒரே உயரத்துக்கு வரும் இடம்தான் சரியான இடம். ஏராவின் எந்த இடமும் தரைக்கு மிக நெருங்கக்கூடாது. ரயில் கடவை மேட்டில் முன்சக்கரம் ஏறிப் பின்சக்கரம் ஏறாத நேரத்தில் நடுப்பகுதி தட்டும்.

கொட்பேக்காரர் மறுபடியும்: இவ்வளவு வேலை என்றால் கடலாலேயே கொண்டுபோகலாமோ?

இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் அதைத்தான் நானும் சொல்வேன். வடக்கால் சுற்ற முடியாது, ஆதாம் பாலத்தில் ஆழம் போதாது. மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை, காலி என்று தெற்கால்தான் சுற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமான வாடையில் நம் பக்கக் கடல் விடாது, தென்மேற்குப் பருவமான கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் விடாது. மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் அமைதியாக இருக்கும். வாங்குபவர் அதுவரை பொறுப்பாரா என்று கேட்டுவிட்டு லோபெட்டுக்குச் சொல்லுங்கள்.